எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பிறகும் படிப்பா?

நமது நிருபர்

பெங்களூர்:

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி மேல்படிப்பை முடித்து, வேலைக்கும் போய்விட்டவர்கள் மறுபடியும் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறார்கள். கைக்கு வரும் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படிக்க வேண்டுமா? அந்தப் படிப்பால் யாருக்கு என்ன லாபம்? குமாஸ்தா வீட்டுப் பெண்ணும் தொழிலாளி வீட்டுப் பையனும் அதில் சேர முடியுமா? விவரம் வருமாறு:

ஓசூர் ரோட்டில்...

ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் பஸ்சில் வருகிறவர்களுக்கு டெய்ரி சர்க்கிளைத் தாண்டியதும் அந்தப் பெரிய மதில் தெரியும். அதுதான் நிம்ஹான்ஸ். தேசிய மனநல, நரம்பியல் நிலையம். பழைய மைசூர் அரசின் மனநல ஆஸ்பத்திரியும், 1954-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிலையமும் 1974-ல் ஒன்றாகி இந்த நிலையம் உருவாயிற்று. 2012-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் இயற்றி, இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக்கினார்கள்.

காலை வேளையில் இங்கே வெளிநோயாளிகள் பிரிவின் முன்னால் நின்றால் கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் எல்லாம் காதில் விழும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து விடியுமுன்பே புறப்பட்டு வந்தவர்கள், பழைய மருந்துச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

டாக்டர் நோயைக் கேட்கிறார். எப்போது ஆரம்பித்தது? தூக்கம் உண்டா? யாரோ பேசுவதுபோல் குரல் கேட்கிறதா? ஒரு நோயாளிக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் கொஞ்சம்தான். வரிசை நீளம்.

வேறு கேள்விகளும் இருக்கின்றன. வீட்டில் சம்பாதிப்பவர் யார்? வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார்? அடுத்த மாதம் திரும்பி வர பஸ் செலவுக்கு வழி உண்டா? நோய் இருந்ததைச் சொல்லிக் கல்யாணம் செய்தார்களா, மறைத்துச் செய்தார்களா? நோயாளி திரும்பிப் போனால் வீட்டுக் கதவு திறக்குமா?

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, கேட்டதோடு நிற்காமல் அதற்கு வழியும் பார்ப்பவரே மனநல சமூகப் பணியாளர். நாம் பேசப்போகும் படிப்பு அவருடைய படிப்பு.

சேவகர் வேறு, பணியாளர் வேறு

சமூக சேவகர் என்றால் நம்மில் பலருக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பவரும், ரத்த தான முகாம் நடத்தும் சங்கத் தலைவரும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் சமூகப் பணி என்பது படித்துத் தேறிச் செய்ய வேண்டிய ஒரு தொழில்.

நம் நாட்டில் அந்தப் படிப்பு 1936-ல் பம்பாயில் தொடங்கியது. சர் தோராப்ஜி டாட்டா பெயரில் ஏற்பட்ட அந்தப் பள்ளிக்கு முதல் தலைவராக இருந்தவர் கிளிபோர்டு மான்ஷர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார். அடுத்த ஆண்டே, 1937-ல், மனக் குழப்பமும் படிப்பில் தடுமாற்றமும் உள்ள குழந்தைகளுக்காக அங்கே ஒரு கிளினிக் திறந்தார்கள். 1944 முதல் அந்தப் பள்ளி டாட்டா சமூக விஞ்ஞான நிலையம் என்ற பெயர் பெற்றது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எம்.எஸ்.டபிள்யூ. நடத்தும் கல்லூரிகள் பல.

இது இரண்டு வருஷப் படிப்பு. வகுப்பறைப் பாடத்தோடு, குடிசைப் பகுதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை என்று களத்துக்கு அனுப்பிப் பயிற்சி தருவார்கள். பி.ஏ. எந்தப் பாடமானாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவேதான் கிராமத்துப் பிள்ளைகளும், வீட்டில் முதலாவதாகக் கல்லூரி பார்த்த பிள்ளைகளும் இதில் நிறைய.

ஆனால் ஒரு குறை. வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு. டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் உண்டு. சமூகப் பணி முழுவதற்கும் அப்படி ஒரு தனிக் கவுன்சில் கிடையாது. 2021-ல் இயற்றிய துணை மருத்துவத் தொழில் கமிஷன் சட்டத்தின் பட்டியலில்தான், ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரும் மனநல சமூகப் பணியாளரும் இடம் பெற்றார்கள். அதனால் மற்ற இடங்களில், எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரும் படிக்காதவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்ப்பது சாதாரணம்.

பெட்டிஷன் ஒன்று

இந்தப் படிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு பெண்ணின் அனுபவம் நன்றாக எடுத்துக் காட்டும். தன் பெயரும், படித்த இடத்தின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பூர்வீகம் ஜோலார்பேட்டைப் பக்கம். தந்தை ரெயில்வேயில் பிட்டராக இருந்து, பெங்களூரிலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர். மகள் தமிழ்நாட்டில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 18 ஆயிரம் ரூபாய்.

ஒரு நாள் ஒரு பெண் வந்து முறையிட்டாள். கணவர் கிரானைட் பட்டறையில் வேலை செய்பவர். குடி கிடையாது. ஆனால் எதற்கெடுத்தாலும் சந்தேகம். மனைவி சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. ராத்திரியில் எழுந்து சண்டை.

இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார். இனி சண்டை போடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மூன்று மாதத்தில் மறுபடி அதே சண்டை. மறுபடி கையெழுத்து. பிறகு ஒரு நாள் அந்த மனிதர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். பதினெட்டு நாள் கழித்து, அழுக்குத் துணியும் சடைபிடித்த தலையுமாக ஒரு பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள்.

"சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று அவருடைய காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, சார். என் ரிஜிஸ்டரில் 'சந்தேகக் குணம்' என்று எழுதி வைத்திருந்தேன். அது குணம் இல்லை, நோய். எனக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை" என்றார் அந்தப் பெண்.

சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தொழிலாளி தேறிவிட்டார். மகள் மேற்கொண்டு படிப்பது என்று முடிவு செய்தது அப்போதுதான்.

வீட்டில் எதிர்ப்பு. "ஏம்மா, எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சாச்சு. மூணு வருஷம் வேலையும் பாத்தாச்சு. இன்னும் என்னம்மா படிப்பு?" என்றாராம் தந்தை. தாயின் கவலை வேறு. "வயசு போய்க்கிட்டே இருக்கே" என்பது அந்த அம்மாளின் பேச்சு.

மகள் சொன்ன பதில்: "அப்பா, டீசல் இஞ்சின் பாத்தவங்களை எலெக்ட்ரிக் இஞ்சினுக்கு மாத்தினப்போ டிரெயினிங் அனுப்பினாங்கதானே? பிட்டர் வேலை தெரியாதுன்னா அனுப்பினாங்க? இஞ்சின் வேறன்னு அனுப்பினாங்க."

ரெயில்வேக்காரரிடம் இந்தப் பேச்சு எடுபட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மகளின் பக்கத்தில் சட்டமும் இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. மனநல சமூகப் பணியாளர் என்றால் யார் என்று அந்தச் சட்டமே வரையறை சொல்கிறது. சமூகப் பணியில் மேல்பட்டம் வேண்டும். அதற்கு மேல், மனநல சமூகப் பணியில் எம்.பில். பட்டம் வேண்டும். அந்த எம்.பில். இரண்டு வருஷம் முழு நேரமும் படித்ததாக, மேற்பார்வையின் கீழ் ஆஸ்பத்திரிப் பயிற்சி பெற்றதாக இருக்க வேண்டும். அல்லது விதிகளில் குறிப்பிடப்படும் வேறு அங்கீகாரத் தகுதி வேண்டும்.

மற்ற பாடங்களில் எம்.பில். என்பது பிஎச்.டி.க்கு முந்தின படியாக மட்டும் இருந்தது. பொருளாதாரத்திலோ தமிழிலோ எம்.பில். வாங்கியவர் பெரும்பாலும் கல்லூரி வேலையைத்தான் எதிர்பார்த்திருப்பார். மனநலத் துறையிலோ அது தொழில் செய்வதற்கான தகுதியாகவும் ஆகிவிட்டது. ஆராய்ச்சிப் பட்டமும் அதுவே, தொழில் பட்டமும் அதுவே. இந்த வித்தியாசம் தெரியாமல் "எதற்கு இன்னொரு எம்.பில்.?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு.

நிம்ஹான்சில் மட்டும் அல்லாமல், ராஞ்சியில் உள்ள மத்திய மனநோய் மருத்துவ நிலையம், அசாமில் தேஜ்பூரில் உள்ள மனநல நிலையம் முதலிய இடங்களிலும் இந்தப் படிப்பு நடந்து வந்திருக்கிறது.

வார்டுதான் வகுப்பறை

இந்தப் படிப்பில் பாதி நாள் வார்டில் கழியும். முதியோர், வாலிபர், குழந்தைகள் என்று தனித்தனிப் பிரிவுகள். குடியையும் போதையையும் விடுவிக்கும் பிரிவு. தலையில் அடிபட்டவர்கள், வலிப்பு நோயாளிகள், பக்கவாதக்காரர்கள் உள்ள நரம்பியல் பிரிவு. நோய் தணிந்தவர்களுக்குத் தச்சு, தையல், ரொட்டி சுடுதல் என்று கைத்தொழில் பழக்கும் மறுவாழ்வுப் பிரிவு. ஒவ்வொன்றிலும் சில வாரமோ சில மாதமோ வேலை பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நோயாளியின் குடும்ப வரலாற்றையும் விரிவாக எழுத வேண்டும். எழுதியதை ஆசிரியர் முன்பு படிக்க வேண்டும். "தாய் கண்டிப்பானவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நீங்கள் கண்டதா, பிள்ளை சொன்னதா?" என்று கேள்வி வரும். கண்டது வேறு, கேட்டது வேறு, தானாக நினைத்துக்கொண்டது வேறு என்று பிரித்து எழுதப் பழகுவது அங்கேதான். கிருஷ்ணகிரி ரிஜிஸ்டரில் "சந்தேகக் குணம்" என்று எழுதிய கை, "சாப்பிட மறுக்கிறார், காரணம் கேட்கவும்" என்று எழுதக் கற்றுக்கொள்கிறது.

குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது நம் நாட்டு மனநல மருத்துவம் உலகுக்குக் காட்டிய வழிகளில் ஒன்று. 1950-களில் அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. மனநல நிலையத்தில் நோயாளியுடன் வீட்டார் தங்குவது இன்றும் வழக்கம். வீட்டார் கூட இருந்தால் அவர்களோடு பேச ஆள் வேண்டும். சமூகப் பணியாளருக்கு இங்கே வேலை இப்படித்தான் பெருகிற்று.

சான்றிதழ், சலுகை விவரமும் அவருக்கு அத்துபடியாக வேண்டும். அறிவு வளர்ச்சி குறைந்தவர் துணையோடு பயணம் செய்தால் ரெயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. மனநோயாளிக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கவுண்டருக்கு வந்து, ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. யாருக்கு எந்தச் சான்றிதழ், எங்கே வாங்குவது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் ஒரு ஏழைக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆராய்ச்சி என்பது என்ன?

ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வரும். இங்கே அது கிடையாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முறையாக விடை தேடுவதுதான் ஆராய்ச்சி.

ஓர் உதாரணம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற தொழிலாளி பாதியில் நிறுத்திவிடுகிறார். ஏன்? "படிப்பறிவு இல்லை, அலட்சியம்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆராய்ச்சி செய்பவர் அப்படிச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தியவர்களில் இத்தனை பேர், நிறுத்தாதவர்களில் இத்தனை பேர் என்று இரு தரப்பையும் கேட்டு எழுத வேண்டும். ஊர் எவ்வளவு தூரம், ஒரு முறை வந்து போக என்ன செலவு, அன்று போகும் கூலி எவ்வளவு, வீட்டில் துணை யார் என்று பார்க்க வேண்டும். மாத்திரை தூக்கக் கலக்கம் தருவதால் கொத்தனார் சாரத்தில் ஏறப் பயப்படுகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

காரணம் தூக்கக் கலக்கம் என்று தெரிந்தால் டாக்டர் மருந்தையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். காரணம் பஸ் செலவு என்றால், பக்கத்து ஊரில் மருந்து கிடைக்க வழி தேடலாம். காரணம் தெரியாமல் புத்திமதி சொல்வதில் பயன் இல்லை.

வழிமுறை இதுதான்: முதலில் அந்தக் கேள்வியைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது. பிறகு வழிகாட்டி ஆசிரியரின் சம்மதம். பிறகு, நோயாளிகளுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் அறநெறிக் குழுவின் அனுமதி. அதன் பிறகே பேட்டி, புள்ளி விவரக் கணக்கு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. இதில் பலர் தடுமாறும் இடம் புள்ளியியல். கணக்கை விட்டால் போதும் என்று ஓடி வந்தவர்களும் இங்கே கணக்குப் போட்டாக வேண்டும்.

ஒரே ஆள், இரண்டு வேலை

ஏற்கெனவே சமூகப் பணியாளராக இருப்பவர் ஆராய்ச்சிக்கு வரும்போது ஒரு சங்கடம் உண்டு. பேச்சுக் கொடுத்துப் பேச வைக்கும் பழக்கம் அவருக்குக் கைவந்தது. ஏழைப் பெண் ஒருத்தி மனம் விட்டுப் பேசுகிறாள். உதவி கிடைக்கும் என்று நம்பிப் பேசுகிறாளா, ஆராய்ச்சிக்கு என்று தெரிந்து பேசுகிறாளா?

ஆகவே முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. "இது என் படிப்புக்காக. நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது. பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். பெயர் வெளிவராது" என்று அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக் கேட்டால் எதற்கென்று கேளாமல் போடும் ஜனங்கள் நாம். அதைத் தெரிந்துகொண்டு, அவசரப்படுத்தாமல் கேட்பதே நேர்மை.

பேச்சின் நடுவே ஒருவர், உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால்? குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பேட்டியை அங்கேயே நிறுத்தி, டாக்டரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். ஆய்வேட்டில் ஒரு வரி குறைந்தால் குறையட்டும்.

தமிழும் ஒரு தகுதி

பெங்களூரில் வாழும் தமிழருக்கு இந்தத் துறையில் இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. கன்னடமும் தெரியும், தமிழும் தெரியும். கொஞ்சம் தெலுங்கும் தெரிந்தவர்கள் பலர்.

வயிற்று வலியை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். மன வலியைத் தாய்மொழியில்தான் சொல்ல வரும். "நெஞ்சு படபடங்குது", "மனசு பாரமா இருக்கு", "காத்து கருப்பு அடிச்சிருக்கு", "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்று நம் ஜனங்கள் சொல்லும் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு துன்பம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டால் பாதி போய்விடும்.

ஆராய்ச்சியிலும் இந்தப் பிரச்சினை உண்டு. நோயின் கடுமையை அளக்கும் வினாப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உண்டானவை. ஒருவர் அதைத் தமிழில் பெயர்க்க வேண்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால்தான் தமிழ் சரி என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் தெரிந்தால் போதாது. சேலத்து நெசவாளி வீட்டில் அந்தச் சொல் பேசப்படுமா என்று தெரிந்திருக்க வேண்டும்.

தேவை எவ்வளவு பெரியது? நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல சர்வே நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 34 ஆயிரத்து 802 பெரியவர்களைப் பேட்டி கண்டார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் அதிகமாக, அதாவது 10.6 சதவிகிதம் பேருக்கு, அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரிந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை!

சிகிச்சைக்குப் பதில் சங்கிலி பூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை, மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். 2017-ம் ஆண்டுச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களில், வேறு வழி தெரியாமல் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்த வேறு வழியைக் காட்டுவதற்குத்தான் படித்த ஆள் வேண்டும்.

எம்.பில். இனி உண்டா?

படிக்க விரும்புகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகளில், எம்.பில். படிப்பை நிறுத்திவிட்டது. 2023 டிசம்பரில், எந்தப் பல்கலைக்கழகமும் எம்.பில்.லுக்கு ஆள் சேர்க்கக் கூடாது, மாணவர்களும் சேர வேண்டாம் என்று எச்சரிக்கை செய்தது. முன்பே வாங்கிய எம்.பில். பட்டங்கள் செல்லும்.

ஆனால் மனநலத் துறைக்கு ஆள் பற்றாக்குறை. ஆகவே 2024 ஜனவரியில், மருத்துவ மனோதத்துவம், மனநல சமூகப் பணி ஆகிய இரண்டு எம்.பில். படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கொடுத்தது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சேருகிறவர்கள் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே காலடி வைக்க வேண்டும். படிப்பின் பெயர் என்னவாக இருந்தாலும், "2017 சட்டத்தின்படி மனநல சமூகப் பணியாளராகப் பதிவு செய்ய இந்தப் பட்டம் செல்லுமா?" என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

வேலையை விட முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அது பகுதி நேரப் பிஎச்.டி. 2022 விதிகள் இதை அனுமதிக்கின்றன. வேலை கொடுத்தவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் 55 சதவிகித மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், உடல் ஊனமுற்றோர், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 5 சதவிகிதம் சலுகை. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். தேவையானால் மறுபதிவு செய்து மேலும் இரண்டு வருஷம் பெறலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிஎச்.டி. ஆராய்ச்சிப் பட்டம். வார்டில் மேற்பார்வையோடு பெறும் பயிற்சிக்கு அது ஈடு ஆகாது. கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவருக்கு அந்த வழி. நோயாளியோடு உட்கார விரும்புபவருக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி உள்ள படிப்பே வழி.

பணக் கணக்கு

நாம் மாதச் சம்பளக்காரர்கள். கணக்குப் பார்க்காமல் எதையும் செய்ய முடியாது.

18 ஆயிரம் ரூபாய் வேலையை விட்டு இரண்டு வருஷம் படித்தால், கைவிட்டுப் போகும் சம்பளம் மட்டும் 4 லட்சத்து 32 ஆயிரம். படிப்புக் கட்டணம், புத்தகம், வெளியூரானால் ஹாஸ்டல் செலவு தனி. உதவித்தொகை தரும் அரசு நிலையங்கள் உண்டு. தராத கல்லூரிகளும் உண்டு. சேருமுன் இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பிஎச்.டி.க்குப் போகிறவர்கள் "நெட்" பரீட்சை எழுதலாம். சமூகப் பணியும் அதில் ஒரு பாடம். 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் இந்தப் பரீட்சை மார்க்கைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலேயே உயர்ந்த மார்க் வாங்கி ஜே.ஆர்.எப். கிடைத்தால், முழு நேர ஆராய்ச்சிக்கு மாதம் 37 ஆயிரம் ரூபாய் என்று 2023-ல் நிர்ணயித்தார்கள். பல குமாஸ்தாக்களின் சம்பளத்துக்கு அது சமம்!

வேலை எங்கே? 1982-ல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கிற்று. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திப் பார்த்த முறையைப் பின்பற்றி, 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டம் பரவியது. ஒவ்வொரு மாவட்டக் குழுவிலும் மனநல சமூகப் பணியாளருக்கு இடம் உண்டு. இது தவிர மருத்துவக் கல்லூரி, போதை மறுவாழ்வு நிலையம், தனியார் ஆஸ்பத்திரி, கல்லூரி ஆசிரியர் வேலை. மாவட்டத் திட்டத்தில் பல இடங்கள் ஒப்பந்த அடிப்படையில்தான். ரெயில்வே வேலை மாதிரி பென்ஷனை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

நாம் மேலே சொன்ன பிட்டர் மகள் படிப்பை முடித்துவிட்டார். இப்போது ஒரு மாவட்ட மனநலக் குழுவில் ஒப்பந்த வேலை. முன்னைவிடச் சம்பளம் அதிகம், நிரந்தரம் இல்லை. வாரத்தில் பாதி நாள் ஜீப்பில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார். படிப்புக்கு வாங்கிய கடனில் இன்னும் ஒரு வருஷத் தவணை பாக்கி. "லாபமா நஷ்டமா?" என்று கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "இப்போது யாராவது வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று சொன்னால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், சார்" என்று மட்டும் சொன்னார்.

சேருமுன் கேட்க வேண்டியவை

இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்கள் ஐந்து விஷயங்களை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: படிப்புக்கு உரிய அங்கீகாரம், சேரும் ஆண்டில் அமலில் இருக்கிறதா?

இரண்டு: ஆஸ்பத்திரிப் பயிற்சி உண்மையில் எத்தனை மாதம்? மேற்பார்வை செய்பவர் யார்?

மூன்று: உதவித்தொகை உண்டா? ஹாஸ்டல் உண்டா?

நான்கு: பழைய வேலையில் சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா, ராஜினாமாதானா?

ஐந்து: எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம்? பட்டத்துக்காக மட்டும் போகிறவர்கள் பாதி வழியில் சலித்துப்போவார்கள். வேலையில் ஒரு கேள்வி உறுத்தி, அதற்காகப் போகிறவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. என்ஜினீயருக்குப் படிக்கும் பையனிடம் "இன்னும் எத்தனை வருஷம்?" என்று நாம் கேட்பதில்லை. சமூகப் பணி படிக்கும் பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம். அவள் பார்க்கும் வேலையிலும் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

வீட்டில் யாருக்காவது மனக் கலக்கம் இருந்து, எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" இலவச சேவை அது. 24 மணி நேரமும் உண்டு. தமிழிலும் பேசலாம்.